போனவர் சுமை

இறந்துபோன அருமைநாயகத்தின் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, சவப்பெட்டிக்கு ஆள் அனுப்பியிருந்த நேரத்தில், காலனிச் சங்கத்துச் செயலாளர் பொன்சிங் செருப்பை வாசலில் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே வந்தார். சுவரோரம் சாய்ந்திருந்த, இறந்தவரின் மனைவி ரூபவதியின் முன்னால் குத்தவைத்துத் தொண்டையைச் செருமினார். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று சுற்றியிருந்த பெண்கள் முந்தானையைக் கண்ணருகே தயாராகக் கொண்டுபோனார்கள்.

"மதினி, தப்பா நினைக்காதிய. அண்ணன் ரூம் ஃபேன் எத்தனைல ஓடும்?"

"மூணுல."

"பகலும் ராவும்?"

"பகலும் ராவும்."

"மூணுலயே ஓடட்டும். பதட்டத்துல யாராவது அணைச்சிரப் போறாவ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் அவர் கழற்றிப்போட்ட செருப்பே அவரைத் தேடி உள்ளே பறந்து வந்திருக்கும். பவளக்கரைக் காலனியில் ஒருவர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. முந்தானைகள் இறங்கின. ஒரு பெண் எழுந்துபோய் அருமைநாயகத்தின் அறையை எட்டிப் பார்த்து, "சுத்துது, சுத்துது" என்று எல்லாருக்கும் சேர்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

ரூபவதிக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் சூளையால் வந்தது. புயல்கள் வரிசையில் நின்று முறைவைத்து அடித்ததில், அரசாங்கத்துக் கம்பி தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டது. உங்கள் கரண்ட்டை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பவளக்கரைக் காலனி ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, குளியலறை அகலத்துக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நட்டது. எரிபொருள் மின்கலம் என்பது புத்தகத்தில் உள்ள பெயர். உள்ளே பீங்கான் ஓடுகள் அடுக்கடுக்காக எண்ணூறு டிகிரியில் செக்கச்செவேலென்று நின்றதால், காலனிக்காரர்கள் அதற்குச் சூளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதன் கூரையில் உட்காரப்போன காகம் பாதி வழியிலேயே பொரியலாகிவிட்டது என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

வாயுவைத் தீ மூட்டாமலேயே பிழிந்து கரண்ட் எடுக்கும் யந்திரம் அது. தின்னாத பொருள் கிடையாது. மீன் சந்தைக் கழிவு, சாக்கடை, கல்யாண வீட்டு எச்சில் இலை, எதை அழுகவைத்து வாயுவாக்கிக் கொடுத்தாலும் ஏப்பம் விடாமல் தின்றது. பொன்சிங்கின் ஆண்டறிக்கைப் பேச்சை ஒரு குழாய் வழியாக உள்ளே விட்டிருந்தால் அதிலிருந்தும் ஒரு தெருவுக்கு விளக்கு எரித்திருக்கும். அதற்கு இருந்தது ஒரே ஒரு கெட்ட குணம். அது கொடுக்கும் கரண்ட்டைக் காலனி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்குவது சட்டென்று குறைந்தால் ஓடு ஆறும். ஆறினால் கீறும். கீறினால் முடிந்தது.

இதை அந்த மக்கள் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதமில்லை. துறைமுகத்திலும் பள்ளிக்கூடத்திலும் தபாலாபீசிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் அவர்கள். அறையைவிட்டு வெளியே கால் வைக்கும் முன்பே கை ஸ்விட்சுக்குப் போய்விடும் ரகம். தன் நிழல் சுவரில் விழுந்தால் அதற்கும் மீட்டர் ஓடுமோ என்று ஒதுங்கி நடக்கிறவர்கள். சூளை வந்த முதல் வருஷம் குருத்தோலை ஞாயிறன்று காலனி முழுக்கப் பவனிக்குப் போனது. போகும்போது அத்தனை பேரும் பொறுப்பாக, ஒரு லைட் விடாமல் அணைத்துவிட்டுப் போனார்கள். ஓசன்னா பாடிக்கொண்டு திரும்பி வந்தபோது, சூளைக்குள் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. புது ஓடு வந்து சேரும்வரை இருட்டு. கனகமணி டீச்சர் ஆக்சிஜன் யந்திரத்தின் தயவில் இருந்தவர். அந்த இருட்டில் போய்விட்டார். அவரை எடுத்துக்கொண்டு போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தச் சாவில் எல்லார் வீட்டுச் சிக்கனமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது.

ஒரு கம்பிச்சுருளை மாட்டி மிச்சக் கரண்ட்டை எரித்துத் தொலைக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. மின்சாரத்தை வீணாக எரிப்பது குற்றம் என்று அதற்குள் சட்டம் வந்திருந்தது. சுருள் எரிந்தால் குற்றம். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அது வீட்டு உபயோகம். அந்தச் சட்டத்தை எழுதினவர் நல்ல ஃபேனுக்கு அடியில் காற்றாட உட்கார்ந்து எழுதியிருப்பார்.

ஆகவே பொன்சிங் காலனிக்கு ஒரு முறை வகுத்தார். ஒரு வீடு இழுக்கும் கரண்ட்டுக்குச் சுமை என்று பெயர். ஊருக்குப் போகிறவர் சுமையைப் பக்கத்து வீட்டார் காக்க வேண்டும். ஒரேயடியாகப் போனவர் சுமையை அவர் வீட்டாரே காக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது என்னென்ன ஓடியதோ, அது அதே நேரத்தில், அதே வேகத்தில் ஓட வேண்டும். சாமுவேல் வாத்தியார் மண்ணுக்குள் போய்ப் புல் முளைத்த பிறகும் அவருக்கு விடிந்தால் வெந்நீர் காய்ந்தது. மகன் அதை எடுத்துக்கொண்டுபோய் முருங்கைக்கு ஊற்ற, முருங்கைக்கு வேர்த்துக் கொட்டியது. ரூபவதியின் அடுத்த வீட்டுச் செல்லக்கனியின் மாமனாருக்காகப் பெரிய டிவியில் இடைவிடாமல் கிரிக்கெட் ஓடியது. "உசுரோட இருக்கையில கூட மனுசன் இம்புட்டுப் பார்த்ததில்ல. இப்ப வெஸ்ட் இண்டீஸ் மேச்சு வரைக்கும் விடுதாரில்ல" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். வருஷம் போகப்போக, இருப்பவர்களுக்குச் சுற்றிய ஃபேனைவிடப் போனவர்களுக்குச் சுற்றிய ஃபேன் அதிகமாகிவிட்டது.

ரூபவதி தபாலாபீசில் முத்திரை குத்தியே வயதைக் கழித்தவள். குத்திய தபால்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் மணப்பாட்டுக் கோவில் கோபுரம் அதைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கும். கணவன் போன பிறகு நாட்களையும் அவள் அப்படித்தான் குத்தித் தள்ளினாள். அழுகை வரும் என்று அடக்கத்தன்று காத்திருந்தாள். வரவில்லை. பூசை கொடுத்த அன்று வரும் என்று பார்த்தாள். அன்றும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் கன்னமாகவே இருக்கும், ஆனால் யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு உடம்பு முழுக்க. சோறு சோறாக இருந்தது. வெயில் வெயிலாக இருந்தது. எழுந்ததும் அவர் அறை வாசல்வரை போவாள், ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பாள், திரும்பிவிடுவாள். அந்தக் காற்றுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

ஓசூரிலிருந்து மகள் ஷீபா போன் போட்டாள். அவளுக்குப் பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீ வாரியா மாட்டியா? டாக்டரம்மா கூட ஆள் வச்சுக்கிடச் சொல்லுதாங்க."

"ஃபேன் ஓடணும்லா."

"செல்லக்கனி அத்தைகிட்ட சொல்லிட்டு வாயேன்."

"ஊருக்குப் போறவக சுமையத்தான் அடுத்த வீட்ல பாப்பாக. போனவர் சுமைய நாமதான் பாக்கணும்."

"நான் முக்கியமா அப்பா ஃபேன் முக்கியமா?"

ரூபவதி தனக்குள் தேடிப் பார்த்தாள். பதில் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. "நீதாம்ட்டி முக்கியம்" என்றாள், அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்ததால். அந்தப் பக்கம் ஷீபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் சூளையின் ஒப்பந்தம் முடிய வந்தது. புதுப் பெட்டி எது வேண்டும் என்று நீங்களே ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கம்பெனி ஒரு பொறியாளரை அனுப்பிவைத்தது. கோயம்புத்தூர்ப் பையன், பெயர் நந்தகோபால். கழுத்து வேர்வையைத் துடைத்துத் துடைத்தே ஒரு கைக்குட்டையைக் கந்தலாக்கியிருந்தான். சங்கத்து ஹாலில் காலனியே திரண்டுவிட்டது. ரூபவதியும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"எங்ககிட்ட நாலு வகை இருக்குதுங்க" என்று நந்தகோபால் ஆரம்பித்தான். "முதல்ல உங்க பீங்கான் வகை. எந்த வாயுவக் குடுத்தாலும் சாப்பிடும். கரண்ட்டும் நெறையத் தரும். ஆனா சூடு ஆறவே கூடாதுங்க. ஒருக்கா நிறுத்தினா, மறுபடியும் சூடேத்தறதுக்கு ஒரு நாள் பூரா புடிக்கும். அப்பவும் ஓடு தாங்குமான்னு உறுதி சொல்ல முடியாதுங்க."

"எங்க மாமியாவ அப்படியே சொல்லுதான்" என்றாள் செல்லக்கனி. ஹால் குலுங்கியது.

"ரெண்டாவது, உருகின உப்பு வகைங்க."

அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். உப்பளத்தில் பிறந்து உப்பளத்தில் வளர்ந்த ஊர். "உப்பா? எந்த உப்பு? நம்ம உப்பா?"

"இல்லீங்க. இது கார்பனேட் உப்பு. லித்தியம், பொட்டாசியமெல்லாம் கலந்ததுங்க. அதுவும் பெரும் சூடு, பெரிய ஆலைகளுக்குத்தான்..."

"தூத்துக்குடிக்கு வந்து வெளியூர் உப்ப விக்கியளோ?" என்று ஒரு குரல் கேட்க, "வேண்டாம், வேண்டாம்" என்று நாலு மூலையிலிருந்தும் தீர்ப்பு வந்துவிட்டது. அந்த வகையின் நன்மை தீமை என்னவென்று இன்றுவரை காலனியில் யாருக்கும் தெரியாது.

"சரிங்க. மூணாவது பாஸ்பாரிக் அமில வகை. ரொம்ப நாளா இருக்கற வகை, நம்பலாம். கொஞ்சம் இடத்த அடைக்கும். அமிலம் நாப்பது டிகிரிக்குக் கீழ போனா கட்டிக்கும், அதுனால நிறுத்தி வச்சாலும் கதகதன்னு வச்சுக்கோணும்."

"நாப்பதுக்குக் கீழயா?" பொன்சிங் ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார். "தம்பி, இங்க அது எந்த வருசம் போச்சு?"

மறுபடி சிரிப்பு. நந்தகோபாலும் சிரித்துக்கொண்டே கழுத்தைத் துடைத்தான்.

"நாலாவது சவ்வு வகைங்க. குளிர்ப்பெட்டின்னு வச்சுக்கங்களே. நம்ம சுடுதண்ணிச் சூடுதான். நாக்குதான் கொஞ்சம் நீளம். சுத்தமான ஹைட்ரஜன் தவிர வேற தொடாது, லாரியில கொண்டாந்து ஊத்தோணும். துளி அழுக்குப் பட்டாலும் மயக்கம் போட்டுரும். ஆனா போட்டா ஓடும், அணைச்சா நிக்கும். ஏன் அணைச்சேன்னு கேக்காதுங்க."

ஹாலில் இருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த ஹாலில் அந்தக் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் எல்லாத் தலைகளும் திரும்பின.

"அணைச்சா ஒண்ணும் ஆவாதா?" என்று கேட்டாள் ரூபவதி.

"ஒண்ணும் ஆகாதுங்க்கா."

"எம்புட்டு நேரம் அணைச்சு வச்சாலும்?"

"எத்தன வருசம் வேணும்னாலும் அணைச்சு வச்சுக்கலாங்க்கா."

பொன்சிங் கையைத் தட்டி எழுந்தார். "பொறவென்ன? குளிர்ப்பெட்டிக்குக் கை தூக்குங்க!" அத்தனை கைகளும் எழுந்தன. செல்லக்கனி இரண்டு கையையும் தூக்கினாள். ஒன்று மாமனாருடையதாம்.

"இருங்க, இருங்க. ஒரு விசயம் இருக்குதுங்க" என்றான் நந்தகோபால். "ஹைட்ரஜன் விக்கற வெலைக்கு, பெரிய சுமைக்கு இது கட்டுபடியாகாது. உங்க காலனியோட நெஜமான சுமை எவ்வளவுன்னு கம்பெனிக்குக் காட்டோணும். நாளைக்கு மணி அடிச்சதும், போனவங்க பேர்ல ஓடறதையெல்லாம் அணைச்சிருங்க. இந்த ஹால்ல ஒரு மீட்டர் ஊசி மாட்டி வைக்கறேன். ஊசி பாதிக்குக் கீழ எறங்குச்சுன்னா குளிர்ப்பெட்டி. எறங்கலீன்னா மறுபடி சூளைதானுங்க."

"அணைச்சா சூளை கீறிருமே?"

"சோதனைச் சுருள் ஒண்ணு லாரியில கொண்டாந்திருக்கறேன். குறையறத அது வாங்கிக்கும். சோதனைக்கு மட்டும் எங்களுக்கு அனுமதி இருக்குதுங்க. மறுபடி மணி அடிச்சதும் எல்லாத்தையும் போட்டுக்கலாம். நீங்க அணைச்சாப் போதும்."

"அணைக்கதுக்கு எங்களுக்குச் சொல்லியா தரணும்?" என்றார் பொன்சிங். "பிறந்ததுலருந்து அதைத்தான செய்துட்டு வந்தோம்."

ரூபவதி வீட்டுக்கு வந்து ஷீபாவுக்குப் போன் போட்டாள். "குளிர்ப்பெட்டி வருது. வந்த அன்னைக்கே ரயிலேறிருதேன்." மகள் கத்திய கத்தலில் போனே கொஞ்சம் சூடானது. ரூபவதி கட்டிலுக்கு அடியிலிருந்த பையை இழுத்துத் தூசி தட்டி, இரண்டு சேலையை மடித்து வைத்தாள். பெட்டி வர மாதமாகும் என்று தெரிந்தும் வைத்தாள். சந்தோஷம் வருகிறதா என்று சற்று நின்று பார்த்தாள். வரவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு வருமோ என்னவோ என்று பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

மறுநாள் முற்பகலில் காலனி ஒரே பரபரப்பாக இருந்தது. சாமுவேல் வாத்தியாரின் மகன் சட்டைக்குக் கஞ்சி போட்டு உடுத்தியிருந்தான். செல்லக்கனி மதில் மேலாக எட்டி, "மதினி, இன்னையோட எங்க மாமனாருக்கு ஆட்டம் குளோஸ். ரிமோட்ட இப்பவே கையில புடிச்சிட்டு நிக்கேன் பாருங்க" என்று ஆட்டிக் காட்டினாள்.

மணி அடித்தது.

ரூபவதி அறை வாசலில் நின்று கையை மட்டும் உள்ளே நீட்டினாள். ஸ்விட்ச் நிலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு அடுத்து ரெகுலேட்டர். அதன் குமிழில் மூன்று என்ற எண்ணுக்கு நேராக ஒரு எண்ணெய்க் கறை. தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்த கையோடு வந்து ஃபேனைப் போடும் மனிதர். துடைத்துவிட்டுத் தொடுங்கள் என்று அவள் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

விரல் ஸ்விட்சில் இருந்தது. அழுத்தினால் போதும். இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பிறகு நிற்கும். சுற்றுகிறவரைக்கும் தெரியாத தூசி நின்றால் தெரியும். கீழே அந்தக் கட்டில் இருக்கும்.

காலனி முழுக்க அணைக்கிறார்கள், என்று நினைத்தாள் ரூபவதி. இது ஒரு ஃபேன். பல்பு இழுக்கிற கரண்ட்டைவிடக் கொஞ்சம் கூட. இந்த ஒரு ஃபேனால் அந்த ஊசிக்கு என்ன வந்துவிடப்போகிறது?

கையை எடுத்துக்கொண்டாள். அதில் துக்கம் என்று எதுவும் இருக்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்த ஞாபகம் வந்தால் ஒரு கை தானாகத் திரும்புமே, அப்படித் திரும்பிவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எதிர்வரிசையில், பொன்சிங் வீட்டுப் பக்கமிருந்து, கரகரவென்று கல் உருள்கிற சத்தம். அவர் மனைவி மெர்சியின் கிரைண்டர். மெர்சி இருந்த காலத்தில் தெருவில் யாருக்கும் கடிகாரம் தேவைப்பட்டதில்லை, அந்தக் கிரைண்டர் உருளும்போது காப்பி போட்டால் சரியாக இருக்கும். அவள் போய் வருஷங்களாகிவிட்டன. அந்தச் சத்தமும் அன்றோடு நின்றுவிட்டதை ரூபவதி இப்போதுதான் கவனித்தாள். ஊரையெல்லாம் சுமை காக்கச் சொன்ன செயலாளர், தன் வீட்டுச் சுமையைக் காத்ததேயில்லை. சங்கத்துச் செயலாளரைப் போய் யார் கேட்பார்கள்?

ரூபவதி ஹாலுக்குப் போனாள். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எல்லார் முகமும் இப்போதுதான் ஞானஸ்நானம் வாங்கியது போலப் பளிச்சென்று இருந்தது. நந்தகோபால் ஊசிக்கு முன்னால் நின்று கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் அணைச்சுட்டீங்களா?"

"அணைச்சாச்சே" என்றது ஹால்.

"ஊசி நின்ன எடத்துல அப்படியே நிக்குதுங்களே." மறுபடி தட்டினான். குனிந்து பார்த்தான். "இல்லீங்க... கொஞ்சம் ஏறியிருக்குது."



"மெசின்ல கோளாறா இருக்கும் தம்பி" என்றாள் செல்லக்கனி. அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவும், அவள் வீட்டு ஜன்னல் வழியாக, தெருவைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, ஒரு வர்ணனையாளர் தொண்டை கிழிய நாலு ரன் என்று அலறவும் சரியாக இருந்தது. அந்த அலறலைத் தொடர்ந்து ஒரு மைதானமே எழுந்து ஆர்ப்பரித்தது. செல்லக்கனி கையில் இருந்த ரிமோட்டை முந்தானைக்குள் சொருகிக்கொண்டாள். சாமுவேல் வாத்தியாரின் மகன் தன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தான். அவன் வீட்டு வெந்நீர்த் தொட்டி விசிலடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அவசரமே இல்லாமல், கரகரவென்று கல் உருண்டுகொண்டிருந்தது. பொன்சிங் ஹாலின் கூரையை ரொம்பவும் கருத்தாக ஆராய்ந்துகொண்டிருந்தார். வெள்ளையடிக்க வேண்டும் போலிருந்தது.

நேற்றைக்குச் செல்லக்கனியின் ஒரு வார்த்தைக்குக் குலுங்கிய ஹால். இன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த ஒரு டிவியால் என்ன ஆகிவிடும், இந்த ஒரு வெந்நீரால் என்ன ஆகிவிடும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவர் நினைத்திருக்கிறார்கள் என்பது, வாய் திறக்காமலே ஹாலுக்குள் ஒரு சுற்று வந்துவிட்டது.

நந்தகோபால் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான்.

"அப்ப... எல்லாரும் இருக்கறாங்கன்னு எழுதிக்கட்டுங்களா?" என்று மெல்லக் கேட்டான்.

"எழுதிக்கிடுங்க தம்பி" என்றார் பொன்சிங், கூரையைப் பார்த்தபடியே.

பையன் போய் இரண்டாவது மணியை அடித்தான். அணைத்ததைப் போடுவதற்கான மணி. ஹாலைவிட்டு யாரும் அவசரமாகப் போகவில்லை. போடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இன்னும் ஒரு ஒப்பந்தக் காலத்துக்குச் சூளைதான் என்று முடிவாகிவிட்டது.

ரூபவதி வீட்டுக்குத் திரும்பினாள். வாசலருகே பை வாய் கட்டிக்கிடந்தது. ஓசூருக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி அதைத் தூக்கி உள்ளே வைக்கப் போனவள், எந்த அறைக்குள் போகிறோம் என்று பார்க்காமல், அருமைநாயகத்தின் அறைக்குள் போய்விட்டாள். போனவள், பையோடு கட்டிலில் உட்கார்ந்தாள்.

மேலே ஃபேன் மூன்றில் சுற்றியது. கட்டிலைச் சுற்றி ஒரு தூசி இல்லை. யாருமே படுக்காத கட்டிலை இத்தனை காலமும் அது ஊதிக் காத்திருக்கிறது. காதோரத்து நரைமுடி ஒன்று பிரிந்து அவள் கன்னத்தில் விழுந்து அலைந்தது. வெயிலில் நடந்து வந்த வேர்வை கழுத்தில் இருந்தது. அது முதலில் ஒரு கோடாகச் சில்லென்றது. அப்புறம் தோள்வரை இறங்கியது. பல் டாக்டரின் மருந்து இறங்கத் தொடங்கும்போது கன்னத்தின் ஏதோ ஒரு மூலையில் முதல் வலி வருமே. அப்படி, எங்கே என்று சொல்லத் தெரியாத ஒரு மூலையில், ரூபவதிக்கு வலித்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் போய்விடுமோ என்றிருந்தது.

"மதினி" என்று வாசலில் குரல் கேட்டது.

பொன்சிங் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கைவரை மாவு. மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு.

"மாவு இருக்கு. கூடிப் போச்சு. காலனி முழுக்கக் குடுத்தாலும் மிஞ்சும். எனக்கு இட்லி ஊத்தவும் தெரியாது."

ரூபவதி தூக்கை வாங்கித் திறந்து பார்த்தாள். நைசாக அரைபட்டிருந்தது. "அரிசி உளுந்து எப்ப ஊறப் போட்டிய?"

"நேத்து சாயங்காலம்."

"மீட்டிங் முடிஞ்ச பொறவா?"

"முடிஞ்சு வீட்டுக்குப் போனதும்." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அணைக்கச் சொல்லி எல்லாருக்கும் சொல்லிட்டேன். எங்க வீட்டுல அணைக்கதுக்கு ஒண்ணுமே ஓடலன்னு போன பொறவுதான் தெரிஞ்சது. மெர்சிக்கு ஒரு தடவையாவது... அதான் ஊறப் போட்டேன்."

ரூபவதி தூக்கை மூடினாள். அவர் கண் அவள் பின்னால் கட்டிலில் இருந்த பையில் விழுந்தது.

"ஷீபாவுக்கு எப்பம் நாள் சொல்லிருக்கு?"

"அடுத்த மாசம்."

"போயிட்டு வாங்க மதினி."

"போனவர் சுமைய வீட்டாருதான காக்கணும்? நீங்க வச்ச முறைதான?"

"ஆமா, வச்சேன்." பொன்சிங் முகத்தைத் துடைத்தார். மூக்கில் இருந்த மாவு கன்னத்துக்கு வந்தது. "நான் அவரை என்னன்னு கூப்பிட்டேன்? அண்ணன்னுதான? அப்ப நான் என்ன, ரோட்டுல போறவனா?"

ரூபவதி அவரைப் பார்த்தாள். உள்ளே போய்த் தூக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். ஆணியில் தொங்கிய மாற்றுச்சாவியை எடுத்துவந்து அந்த மாவுக் கையில் கொடுத்தாள். பொன்சிங் அதைச் சட்டைப் பையில் போட்டு, வெளியிலிருந்து இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"விடிஞ்சதும் ஒரு தடவ வந்து பாத்துக்கிடுதேன். சாயங்காலம் ஒரு தடவ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

எத்தனையில் ஓடும் என்று அவர் கேட்கவில்லை.